மடி தராத மாமா

மாமாவை நினைத்தால் எனக்கு முதலில் கண்முன் வருவது கஞ்சி போட்ட அவருடைய புது வேட்டிதான். அதில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ஆரணியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், என் காதுகுத்துக்காக விரித்த பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா என் கையைப் பிடித்து அழைத்துப்போய் அவர் மடியில் உட்காரவைக்கப் பார்த்தாள். மாமா சட்டென்று எழுந்துவிட்டார். "யார் பெத்த புள்ளைக்கோ நான் எதுக்கு மடி குடுக்கணும்? நாலு பேரு என்னா பேசுவாங்க?" என்றார். எனக்கு அப்போது ஏழு வயது. நான் அம்மா வயிற்றில் பிறக்கவில்லை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள், அதுவும் ஒற்றைப்படை வயதில். ஒன்று, மூன்று, ஐந்து என்று அம்மா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது தன் அண்ணன் மனம் இறங்கட்டும் என்றுதான். தெள்ளார் பக்கம் நாற்று நடப் போகும் ஒருத்தி பெற்ற பிள்ளையை அவர் தங்கை கொண்டுவந்து வளர்ப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. ஏழாம் வயதில் வருகிறேன் என்றார். வந்தார். வராமலே இருந்திருக்கலாம், அந்த மரியாதையையாவது செய்திருக்கலாம். சாப்பிட வந்தவர்கள் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். அம்மா தானே பாயில் உட்கார்ந்து, "வாடி கண்ணு, என் மடில உக்காரு" என்றாள். ஊசி குத்தியபோது நான் அழவில்லை.

அதற்குப் பிறகு நான் கெட்ட பிள்ளை ஆனேன். ஆக்கினார்கள் என்றுதான் சொல்வேன். ஏழு வயதில் மறுபடியும் பாயை நனைத்தேன். பள்ளியில் பென்சில் திருடினேன். என்றாவது வெளியே அனுப்பிவிட்டால் வேண்டுமே என்று முறுக்கையும் பொரியையும் துணிப்பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன், எறும்பு வந்து காட்டிக்கொடுத்தது. இன்றைக்கு ஒரு பிள்ளை இப்படிச் செய்தால் பயந்துபோயிருக்கிறது என்று சொல்ல ஆள் இருக்கிறது. அன்றைக்கு மாமா வீட்டில், "அது எந்த ரத்தமோ, புத்தி அப்படித்தான் போவும்" என்றார்கள். தினமும் சாயங்காலம் அம்மாவிடம், "என்னத் திருப்பிக் குடுத்துடுவியா?" என்று கேட்பேன். "எங்கடி குடுக்கறது, கடைல வாங்கினா மாதிரி? பேஜார் பண்ணாம சாப்புடு" என்பாள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

மாமாவுக்குப் பட்டு நெசவுதான் தொழில், வீட்டிலேயே தறி. ஒரு மத்தியானம் அப்பாவின் சவர பிளேடை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். எல்லோரும் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தறியில் பாதி நெய்த கல்யாணப் புடவை. விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்த பாவின் நீள இழைகளில் பிளேடை வைத்து ஒரு முழத்துக்கு அறுத்தேன். பட்டு இழைகள் சத்தமே இல்லாமல் விலகித் தொங்கின. மாமாவைப் பழிவாங்க மட்டும் இல்லை. இப்போதாவது அம்மா என்னை அனுப்புகிறாளா பார்ப்போம் என்றும் இருந்தது. சேதி கேட்டு அம்மா ஓடிவந்தாள். "கைய வெட்டிக்கலையே?" என்று என் விரல்களைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு மாமாவின் ஏச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு மூன்று நாள் அந்தத் தறி முன்னால் உட்கார்ந்து அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்தாள். பக்கத்தில் என்னையும் உட்காரவைத்துக்கொண்டாள். "ஒரு நாளு அவரே உன்ன என் பொண்ணுன்னு சொல்லுவாரு பாரு" என்றாள். எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் அந்த மூன்று நாளில்தான் போனது. கோபம் போகவில்லை.

அப்பா செத்துப்போய்ச் சில வருடம் கழித்து அம்மாவும் படுத்தாள். நான் அதற்குள் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். கடைசி வாரத்தில், "அண்ணன் கோடி எடுத்துகினு வருவாரு. வாங்கி எம்மேல போடு, கோவத்தக் காட்டாத" என்றாள். செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வரும் கடைசிப் புடவை அது. சரி என்று தலையாட்டினேன்.

அம்மா செத்த அன்று மாமா வந்தார். அவருக்கும் வயதாகியிருந்தது, கையில் புடவைப் பை வைத்திருந்தார். நான் வழியை மறித்து நின்றேன். "நான் உங்களுக்கு யாரு? எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, அப்புறம் போடுங்க" என்றேன். அவர் சொல்ல மாட்டார் என்று நம்பித்தான் கேட்டேன். அத்தனை வருடமும் அந்த ஒரு கேள்வியைத்தான் தீட்டி வைத்திருந்தேன். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தெருவில் நின்றவர்களுக்கும் கேட்கிறாற்போல, "என் தங்கச்சி பொண்ணும்மா நீ. வேற யாரு?" என்றார்.

அம்மா அதற்காகத்தான் காத்திருந்தாள். நானும்தான். ஆனால் நான் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், புடவையையும் வாங்காமல், பாடை தூக்க நின்றவர்களிடம், "நேரமாவுது, தூக்குங்க" என்று சொன்னேன்.

மாமா அந்தப் பையோடு திரும்பிப் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் குளிர்கிறது, பொய் சொல்ல மாட்டேன். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. ஆனால் பிறந்த வீட்டுப் புடவை இல்லாமல் போனது அவர் இல்லை, என் அம்மா.