விளக்கைப் பிடித்த கை

மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோது என் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் பைக்குள் இறங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயமே வந்தது. அதுவரை என் கவலையெல்லாம் ஷெட்டில் விட்டுவந்த கோழிக்குஞ்சுகளைப் பற்றித்தான்.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கறிக்கோழிப் பண்ணை இருக்கிறது. நானும் என் கணவரும்தான் பார்த்துக்கொள்கிறோம். கம்பெனிக்காரர்கள் முட்டையிலிருந்து பொரித்த குஞ்சுகளைக் கொண்டுவந்து விடுவார்கள். வளர்த்துத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வேலை. ஆரம்ப நாட்களில் குஞ்சுகளுக்குச் சூடு வேண்டும். மார்கழிப் பனியில் அது குறைந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்துவிடும்.

சூடு கொடுக்கும் பழைய விளக்குகளில் சில பழுதாகிவிட்டன. சேலத்தில் கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் ஆன்லைனில் தேடினாள். மூன்று பேரும் அவள் போனுக்குள் தலையை விட்டுப் பார்த்துத்தான் அந்தச் சூட்டு விளக்கை வாங்கினோம். தகரக் குடை, மேலே கம்பிக் கைப்பிடி, மூன்று பின் பிளக். விலையோ கடையில் கேட்பதில் பாதிகூட இல்லை. நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன. "பேக்கிங் சூப்பர்", "சொன்ன தேதிக்கு முன்னாடியே வந்துடுச்சு" என்று ஆளாளுக்குப் புகழ்ந்திருந்தார்கள். பெட்டியைப் பிரித்த கையோடு எழுதியவர்கள் எல்லோரும். ஒரு குளிர்காலம் எரியவிட்டுப் பார்த்து எழுதிய புண்ணியவான் ஒருவரும் இல்லை.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. குஞ்சு இருக்கும் ஷெட்டுக்குள் செருப்போடு போக மாட்டோம். வாசலில் கிருமிநாசினி கலந்த தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதில் காலை நனைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போய், பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்போம். தூக்கி வைத்தால் குஞ்சு மிதிபடும். குஞ்சுக்கு நோய் வரக் கூடாது என்று அவ்வளவு கவனம். ஈரக் காலோடு போய் கரண்ட் பொருளைத் தொடுகிறோமே என்று இத்தனை வருடத்தில் எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அன்று காலை குஞ்சுகள் புது விளக்கை விட்டு விலகி ஓரமாக நின்றன. சூடு அதிகம் என்று அர்த்தம். சற்று உயர்த்திக் கட்டலாம் என்று வலது கையால் கைப்பிடியைப் பிடித்தேன்.

பிடித்த கை மூடிக்கொண்டது. ஷாக் அடித்தால் ஆளைத் தூக்கி எறியும் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். என்னை எறியவில்லை, பிடித்து வைத்துக்கொண்டது. விட வேண்டும் என்று நினைக்கிறேன், கை என் பேச்சைக் கேட்கவில்லை. பல் கிட்டிப்போனது. கத்த முடியவில்லை, மூச்சை இழுக்கவும் முடியவில்லை.

தீவனம் கொட்டிக்கொண்டிருந்த என் கணவர் ஓடி வந்தார். கையை நீட்டினார். நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு திரும்பி ஓடினார். நான் அவர் முதுகைப் பார்த்தேன். என்னை விட்டுவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். சாகப்போகிறோம் என்பதைவிட அந்த நினைப்புதான் எனக்குப் பயங்கரமாக இருந்தது. ஷெட்டின் மறுமுனையில் இருக்கும் மெயின் சுவிட்சை அணைக்கத்தான் ஓடினார் என்பது நான் கீழே விழுந்த பிறகே புரிந்தது.

காயம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உள்ளங்கையில் விரல்களுக்குக் கீழே வெளுத்துப்போன ஒரு கோடு. கரண்ட் தரைக்கு இறங்கிய குதிகாலில் மிளகளவு கறுப்பு. கை மரத்திருந்ததால் வலிகூட அவ்வளவாக இல்லை.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க, களிம்பு போட்டாப் போதும். குஞ்சுக்குச் சூடு வேணுமுங்க" என்றேன்.

"வாய மூடிட்டு கார்ல ஏறு சாமி" என்று கத்தினார். கத்திப் பழக்கமில்லாத மனிதர்; செல்லமாக 'சாமி' என்றே என்னைக் கூப்பிடுவார். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் காரில் சேலத்துக்குக் கொண்டுவந்தார்.

அஸ்தம்பட்டிப் பக்கம் இருந்த அந்த மருத்துவமனையில் முதலில் ஈசிஜி (இதயத் துடிப்பை வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள். மின்சாரம் இதயத்தின் தாளத்தைக் குலைத்திருக்கலாம் என்பதால் தொடர்ந்து கவனித்தார்கள். இதயம் தப்பியது. அதன் பிறகுதான் சிறுநீர் கறுத்தது.

"வெளிய தெரியற காயத்த வெச்சு முடிவு பண்ணாதீங்கம்மா" என்றார் மருத்துவர். நிதானமான பெண்மணி. "கரண்ட் உள்ள போயி தசைய வேக வெச்சிருக்கு. அதுலருந்து மயோகுளோபின் (தசையில் இருக்கும் ஒரு புரதம்) ரத்தத்துல கலந்து கிட்னிய அடைக்கப் பாக்குது. நிறைய சலைன் ஏத்தி அதக் கழுவணும்."

"கைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

"மொதல்ல கிட்னியக் காப்பாத்திக்கலாம். விரலுக்கு ரத்தம் போகலைன்னா எடுக்க வேண்டி வரும்."

"விரலையா, கையையா?"

"இப்பவே சொல்ல முடியாதும்மா."

அன்று மாலைக்குள் முன்கை மரக்கட்டைபோல் வீங்கியது. ஃபேசியாட்டமி (வீங்கிய தசை நெரிபடாமல் இருக்கத் தோலையும் உறையையும் கீறித் திறந்துவிடும் அறுவை) செய்தார்கள். திறந்த கையைத் தைக்காமல் கட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். அது என் கை என்று என்னால் நம்ப முடியவில்லை.

நர்ஸ் வரும்போதெல்லாம் என் நகங்களை ஒவ்வொன்றாக அமுக்கி விடுவார். வெளுத்த இடம் மறுபடி சிவக்கிறதா என்று பார்ப்பார். நானும் பார்ப்பேன். கட்டைவிரல் சிவக்கும், அடுத்த இரண்டும் மெதுவாகச் சிவக்கும். மோதிர விரலும் சுண்டு விரலும் வெளுத்தே கிடக்கும். அவர் போன பிறகு இடது கையால் நானே அமுக்கிப் பார்ப்பேன். சிவந்துவிடு, சிவந்துவிடு என்று அந்த இரண்டு விரல்களிடமும் கெஞ்சியிருக்கிறேன்.

இதற்கிடையே என் கணவர் பண்ணைக்குப் போய் அந்த பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"மூணாவது பின்னு சும்மா நிக்குதுங்க டாக்டர். அதுல ஒயரே சேக்கல" என்றார்.

அந்தப் பின்னில்தான் எர்த் கம்பி (கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் கம்பி) இணைந்திருக்க வேண்டும். நம்மை நம்பவைக்க ஒரு பித்தளைத் துண்டை மட்டும் நட்டிருக்கிறார்கள். உள்ளே ஒயர் நசுங்கிக் குடையில் கரண்ட் இறங்கியபோது, இல்லாத அந்தக் கம்பியின் வேலையை என் உடம்பு செய்திருக்கிறது. பாழாய்ப்போனவர்கள்.

"நான் கைய நீட்டிட்டு இழுத்துக்கிட்டனுங்க. இவளத் தொடலீங்க" என்றார் அவர், யாரும் கேட்காமலேயே.

"தொட்டிருந்தா ரெண்டு பேரையும் தூக்கிட்டு வந்திருப்பாங்க. சரியாத்தான் செஞ்சீங்க" என்றார் மருத்துவர். என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார். ஷெட்டில் ஓடிய அவர் முதுகைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் என்பதை அப்போது சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

கிட்னி தேறியது. இரண்டு விரல்களும் போயின, கை மிஞ்சியது. தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளங்கையில் வைத்தார்கள்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது ஷாக் அடித்து, எழுந்து நடமாடிக்கொண்டிருந்தால், தயவுசெய்து வீட்டில் உட்காராதீர்கள். ஈசிஜி எடுங்கள், சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் முதலில் மெயினை அணைக்க வேண்டும். மலிவாக வந்த பொருளில் மூன்று பின் இருக்கிறதே என்று நிம்மதியடையாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுத்துச் சோதித்த பிறகு செருகுங்கள். நாங்கள் இப்போது ஷெட்டில் மின்கசிவு வந்தால் கரண்டைத் தானே துண்டித்துவிடும் கருவியைப் பொருத்தியிருக்கிறோம். உள்ளே மட்டும் போட்டுக்கொள்ளக் காய்ந்த ரப்பர் செருப்பும் வைத்திருக்கிறோம்.

என் உள்ளங்கைக்கு இப்போது சூடு தெரியாது. குஞ்சுகளுக்குச் சூடு போதுமா என்று குனிந்து கன்னத்தால்தான் பார்க்கிறேன். எந்த சுவிட்சைப் போடும் முன்பும் ஒரு கணம் நிற்கிறேன். மற்றவர்களுக்குக் கண்ணிமைக்கும் நேரம்தான் அது. எனக்கோ அதற்குள் ஒரு முழு நாள் போய்விடுகிறது.

ஒரு பொருளில் கரண்ட் இறங்குகிறதா என்று எங்கள் பக்கம் புறங்கையால் தட்டிப் பார்ப்பார்கள். உள்ளங்கை என்றால் பிடித்துக்கொள்ளும் என்ற பயம். அதுவும் ஆபத்தான பழக்கம்தான். வீடு திரும்பியதிலிருந்து, காலையில் என்னை எழுப்பும்போது என் கணவர் முதலில் புறங்கையால்தான் தொடுகிறார். தான் அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது. தொட்டுவிட்டு ஒரு கணம் நிற்கிறார். பிறகு கையைத் திருப்பி என் தோளைப் பிடிக்கிறார். நான் எப்போதோ விழித்திருப்பேன். கண்ணைத் திறக்காமல், அந்தக் கை திரும்புவதற்காகக் காத்துக்கொண்டிருப்பேன்.