தூரமா என்று கேட்ட தெரு

அரியலூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் யாரும் யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டார்கள். கிளம்புகிறவனை அப்படிக் கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பார்கள். அதற்குப் பதிலாக, "தூரமா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லாமல் தாண்டிப் போகக்கூடாது. "பக்கந்தான்", "மண்டிக்கு", "டேசனுக்கு" என்று ஒரு வார்த்தையாவது போட்டுவிட்டுத்தான் நடக்கவேண்டும்.

அந்தத் தெருக்காரர்கள் எதற்கும் பஸ் ஏறவேண்டியதில்லை. ஒரு முனையில் பெருமாள் கோயில், மறுமுனையில் ஜமீன் அரண்மனையின் இடிந்த மதில். நடுவில் எண்ணெய்க் கடை, சோடாக் கடை, தையல்காரர், இஸ்திரி வண்டி. பிள்ளை பெற ஆஸ்பத்திரிக்கும் நடந்து போகலாம், செத்தால் சுடுகாட்டுக்கும் நடந்தே தூக்கிப் போய்விடலாம். வீடுகளெல்லாம் ஒட்டுச் சுவர். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள்.

நான் அதுவரை ஓர் ஊரில் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்தவன் இல்லை. எட்டாவதில் பெயிலாகிப் பெரம்பலூரை விட்டுக் கிளம்பினேன். பாடாலூர் ரோட்டோர டீக்கடையில் கிளாஸ் கழுவினேன். பூலாம்பாடிப் பக்கம் வெங்காயம் பிடுங்கினேன். லாரியில் கிளீனராகப் போனேன். பட்டினி கிடந்ததுண்டு, அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஓர் ஊரில் சோறு இல்லையென்றால் அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். அந்த ஊர்களில் யாரும் என்னைத் தூரமா என்று கேட்டதில்லை.

அதனால் கல்யாணமாகி அங்கே குடிவந்த புதிதில் தெருவின் மரியாதை எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்த பூக்காரம்மாவிடம், நாமும் கேட்போம் என்று, "தூரமாக்கா?" என்று கேட்டுவிட்டேன். பெண்களிடம் அப்படிக் கேட்கக்கூடாது. வீட்டுக்கு விலக்காக இருப்பதற்கும் தூரம் என்றுதான் பெயர். அந்தம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னது:

"எனக்கு அதெல்லாம் நின்னு எத்தனையோ வருசமாச்சு தம்பி. ஒம் பொண்டாட்டியப் போயிக் கேளு."

சோடாக் கடையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கொஞ்ச நாள் எனக்குத் 'தூரமாக்கா' என்றே பெயர். பிறகு என் மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தபோது அதே பூக்காரம்மா, "இனிமே பத்து மாசத்துக்கு ஒன் வூட்ல யாருக்கும் தூரமில்ல" என்று சொல்லி, காசு வாங்காமல் ஒரு முழம் கொடுத்துவிட்டுப் போனது.

என் மாமனார் வாலிகண்டபுரத்தில் பயிர் வைக்கிறவர். பெண் கொடுக்கும்போது அவர் என்னிடம் சொத்து கேட்கவில்லை, படிப்பு கேட்கவில்லை. "ஒரு எடத்துல நிப்பீங்களா மாப்ள? அத மட்டும் சொல்லுங்க" என்றார். நிற்பேன் என்றேன். கடலை மண்டியில் மூட்டை தைத்து அடுக்குகிற வேலை கிடைத்தது. ஒரு பீடி முடிவதற்குள் நடந்து போய்விடுகிற தூரம். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு மகளை அழைத்துப் போக வருவதாக அவர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை அதே வேலையில் நின்றால் பிள்ளையோடு கொண்டுவந்து விடுவது, இல்லையென்றால் மகள் தன்னிடமே இருந்துவிடட்டும் என்று அவளிடம் தனியாகவும் சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற மனிதர்.

அவர் வர இன்னும் சில வாரம் இருக்கும்போது நான் மண்டியை விட்டு வெளியேறினேன். அடுக்கு சாய்ந்துவிட்டது என்று கணக்குப்பிள்ளை திட்டினார். நான் எதிர்த்துப் பேசினேன். "எட்டாவது பெயிலு, வாய்க்கு மட்டும் கொறச்சலில்ல" என்றார். கோணி ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் சொன்னது பொய்யும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருப்பார்கள். நான் எப்போதும் செய்கிறதைச் செய்தேன்.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் காலை அவள் வழக்கம்போல் தூக்கில் சோறு கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு இறங்கினேன். எண்ணெய்க் கடையில் "தூரமா?" என்றார்கள். மண்டிக்கு என்றேன். தையல்காரர் கேட்டார். மண்டிக்கு. சோடாக் கடைக்காரர் கேட்டார். மண்டிக்கு. ஒரு பொய்யை ஒரு தடவை சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பழக்கம்தான். ஒரே பொய்யை வாசலுக்கு வாசல் சொல்லிக்கொண்டு நடந்தது அந்தத் தெருவில்தான்.

ஊரோ கையகல ஊர். எங்கே போய் உட்கார்ந்தாலும் தெரிந்த முகம் வரும். குளத்தின் மறுகரையில் கொஞ்ச நாள் இருந்தேன். பிறகு ரயில்வே டேசன் பெஞ்சில். ஒருநாள் மத்தியானம் அங்கே தூக்கைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சோடாக் கடைக்காரர் யாரையோ ரயிலேற்ற வந்தார். என்னைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார். சட்டென்று தண்டவாளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. எண்ணெய்க் கடைக்காரர் தராசைத் துடைத்தார். தையல்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். பூக்காரம்மாகூட வாயைத் திறக்கவில்லை. அடுத்தடுத்த நாளும் அப்படியே. தெரு என்னை ஒதுக்கிவிட்டது என்று நினைத்தேன். அவர்கள் கேட்டபோது பொய் சொல்லக் கூசியது. கேட்காதபோது நடக்கவே கூசியது. கொல்லைப்புறச் சந்து வழியாகப் போய்வர ஆரம்பித்தேன். காலை வெயிலில் சாக்கடையைத் தாண்டித் தாண்டி, கையில் சோற்றுத் தூக்கோடு.

மாமனார் வருகிற வாரம் வந்துவிட்டது. அன்று காலை நான் தூக்கை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தபோது பின்னாலிருந்து என் மனைவி கேட்டாள்.

"தூரமா?"

வீட்டுக்காரி அப்படிக் கேட்பது வழக்கமில்லை. அவளுக்குத் தெரியாத இடத்துக்கா புருஷன் போய்விடப் போகிறான்.

"பக்கந்தான்" என்றேன்.

"பக்கந்தான்னா சோத்தத் தூக்கிக்கிட்டு எதுக்கு அலையிறீங்க. இங்கயே உக்காந்து தின்னுங்க."

உட்கார்ந்தேன். தட்டு வைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். டேசனில் பார்த்ததைச் சோடாக் கடைக்காரர் வீட்டில் சொல்லியிருக்கிறார். அவர் மனைவி குழாயடியில் இவளிடம் சொல்லியிருக்கிறது. மறுநாள் நான் கிளம்பிப் போன பிறகு இவள் தெருவில் இறங்கி, எண்ணெய்க் கடையிலிருந்து கோயில் வரைக்கும் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள். அப்பா வந்து விசாரித்தால் மண்டி வேலையை விட்டது பற்றி யாரும் வாய்விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னொன்றும் கேட்டிருக்கிறாள்.

"அவரத் தூரமான்னு கேக்காதீங்கன்னு சொன்னேன். கேட்டா பொய் சொல்லணும். தெனமும் அத்தன பேருகிட்ட பொய் சொல்லிட்டுப் போனா, போற எடத்துல சோறு எறங்குமா?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஊரெல்லாம் போய்ச் சொல்ல உனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டுவிட்டேன்.

"இருந்துச்சு" என்றாள். "வவுத்தத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு படியா ஏறும்போது இருந்துச்சு."

தட்டிலிருந்த சோற்றை என்னால் முடிக்க முடியவில்லை. முன்வாசல் வழியாகவே இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு ஊருக்கு வெளியே சுண்ணாம்புக் கல் வெட்டுகிற குழிக்குப் போனேன். லாரிக்குக் கல் ஏற்ற ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே சேர்ந்துவிட்டேன். அந்த வேலைக்கு யாரும் போட்டி போட்டுக்கொண்டு வருவதில்லை.

வெள்ளிக்கிழமை மாமனார் வந்தார். நான் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன். மண்டியை விட்டதையும் கல்குழியில் சேர்ந்ததையும் நானே அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்ச் சோடாக் கடையில் ஒரு சோடா குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். அங்கே என்ன கேட்டார், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

"இந்தத் தெருவுல ஒங்கள யாரும் வுட்டுக்குடுக்க மாட்டேங்கிறாங்க மாப்ள" என்றார். "நில்லுங்க. புள்ளையோட கொண்டாந்து வுடறேன்."

சாப்பிட்டுவிட்டு அவர் கொஞ்சம் கண்ணயர்ந்தார். நான் அவள் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவள் எங்கோ வெளியே போய்விட்டு வந்தாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் இருவரையும் ஏற்றி அனுப்பினேன்.

மறுநாள் காலை தனியாகச் சோறு பொங்கித் தூக்கில் போட்டுக்கொண்டு முன்வாசலில் இறங்கினேன். எண்ணெய்க் கடைக்காரர் தராசிலிருந்து நிமிர்ந்து, "தூரமா?" என்றார். நான் நின்றுவிட்டேன். தையல்காரர் கேட்டார். சோடாக் கடைக்காரர் கேட்டார். இனிமேல் கேட்கலாம் என்று முந்தின நாள் மத்தியானம் அவள் வந்து சொல்லியிருக்கிறாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு இன்னொரு தடவை இந்தத் தெரு முழுக்க நடந்திருக்கிறாள்.

கல்குழிக்கு என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன், ஆனாலும் நிமிர்ந்து யார் முகத்தையும் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கீழே பார்த்துக்கொண்டே போனேன். அந்த வீடுகளின் வாசற்படிகள் எவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.