சுடாத முதல் குண்டு

போலீஸ் பயிற்சியில் நான் முதன்முதலாகப் பிஸ்டல் சுடும் நாள் அது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பொட்டல். சந்தோஷத்தில் கை பரபரத்தது. குண்டுகள் அடுக்கிய மேகசினைக் கைப்பிடிக்குள் செருகி, துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்துவிட்டேன். குண்டு ஏறிவிட்டது. சொல்லித்தந்தபடி குழலை இலக்கின் பக்கம் வைத்து, விரலை ட்ரிகருக்கு வெளியே நீட்டியபடி உத்தரவுக்குக் காத்திருந்தேன்.

திடீரென்று இலக்குக்கு முன்னால் ஓர் ஆடு ஓடியது. அதைத் துரத்திக்கொண்டு ஒரு பெண்!

"சுடாதீக!" என்று பயிற்சியாளர் அலறினார்.

தூக்கிவாரிப் போட்டதில் கை தானாக இறுகியது. விரல் அழுத்தியது ட்ரிகரை அல்ல, வெறும் இரும்பை! குழலைத் தரைக்குத் தாழ்த்தி, மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்தேன். உள்ளே இருந்த குண்டு துள்ளி மண்ணில் விழுந்தது.

ஆட்டைத் தூக்கிக்கொண்டு வந்த அந்தப் பெண் என்னைப் பார்த்து, "பயந்துட்டீகளா தாயி?" என்றார்.

பிறகு சுட்டபோது ஒரு குண்டு நடுவட்டத்திலேயே பாய்ந்தது. ஆனால் வீட்டுக்குப் போன் போட்டு நான் கத்திக் கத்திச் சொன்னது, என் விரல் வெளியே இருந்த கதையைத்தான்.