இலைக்கு ஒரு முழு மீன்

ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக்கு ஒரு திமிர் உண்டு. விருந்தாளி இலையில் மீனைத் துண்டு போட்டு வைக்க மாட்டோம். தலையும் வாலுமாக ஆளுக்கு ஒரு முழு மீன். துண்டு வைத்தால் ஆளை மதிக்கவில்லை என்று அர்த்தம். கடல் வாசனையே எட்டாத பெங்களூரில் இந்தச் சட்டத்தைப் போட்டது யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.

என் மகளுக்கு ஆபீசில் ஒரு தூத்துக்குடிப் பையனைப் பிடித்துப்போயிற்று. அவன் அப்பா சொந்தப் படகில் மீன் பிடிப்பவர். "அப்பா சரின்னு சொன்னாத்தான் கல்யாணம்" என்று பையன் கறாராகச் சொல்லிவிட்டான். அந்த அப்பா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாகத் தகவல். மகளுக்குச் சோறு இறங்கவில்லை. நானோ மீன் கடையே கதி என்று கிடந்தேன்.

கடல்காரருக்கு மத்தியையா வைப்பது? வஞ்சிரம்தான். ஆனால் கை நீள வஞ்சிரத்தை இலையில் எப்படி முழுசாக வைப்பது? மீன்காரர் ஐஸைத் தோண்டி, ஒரு சாண் நீளக் குட்டிகளை எடுத்துக் காட்டினார். "எளசு சார், வாயில போட்டா கரையும். உங்களுக்குன்னே எடுத்து வெச்சேன்." எனக்குத் தலைகால் புரியவில்லை. இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன்.

"ஏங்க, ரொம்பப் பொடிசா இல்ல?" என்றாள் மனைவி.

"உனக்கு மீனப் பத்தி என்னடி தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன். எனக்கு மட்டும் என்ன தெரிந்ததாம்!

மகனோடு வந்த அவர் வாய் நிறையச் சிரிக்கிற மனிதர். மகளிடம் நன்றாகத்தான் பேசினார். இலை போட்டு, பொரித்த குட்டியை முழுசாக வைத்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. குழம்பு ஊற்றினோம், ரசம் ஊற்றினோம். மீனை மட்டும் தொடவே இல்லை. மகளின் கண் கலங்கிவிட்டது. எனக்கா பொறுமை? வெடித்துவிட்டேன்.

"ஏங்க, பெங்களூர் மீனுன்னா அவ்ளோ எளக்காரமா?"

"ஐயய்யோ, அப்படியில்ல அண்ணாச்சி. இது குட்டில்லா? ஒரு தடவகூட முட்ட போட்டிருக்காது. இதையே அள்ளிட்டா நாளைக்கு கடல்ல என்ன இருக்கும்?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. "மரியாதைன்னு நெனச்சு வாங்கிட்டேங்க" என்றேன்.

"வாங்குனது நீங்க. குட்டிகூட தப்பாத பொடிக்கண்ணி வலையப் போட்டு புடிச்சது எங்க ஆளுவதான? நானும் புடிச்சிருக்கேன்." பிறகு மகளைப் பார்த்தார். "ஏம்மா, எங்களுக்கு உன்னப் புடிச்சிருக்கு. மீன் வாங்க மட்டும் உங்கப்பாவ அனுப்பாத, என்ன?"

வீடே சிரித்தது. உயிர் வந்த சந்தோஷத்தில் நான்தான் அதிகம் சிரித்தேன்.

அவர் தம் மகன் பக்கம் கையைக் காட்டினார். "இவனும் எங்கூட ரெண்டு வருசம் கடலுக்கு வந்தவன்தான். வெறும் வலையா இழுத்து இழுத்து, நாந்தான் வேற பொழப்பப் பாருலேன்னு அனுப்பி வச்சேன். மீன் இருந்திருந்தா இவன் படகவிட்டு எறங்கியிருக்க மாட்டான், உங்க மகளப் பாத்திருக்கவும் மாட்டான். சந்தோசப்படவா அழவான்னு எனக்கே தெரியல அண்ணாச்சி."