பரமலிங்கத்தாரின் இரண்டாவது செவிப்பறை

கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத்திட்டத்தில் மூன்று ஏக்கர் வயல் செய்யும் பரமலிங்கத்தார், தன்னைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் முதலில் தன் மடைத்தனத்தைத்தான் சொல்வார். மற்றவர்கள் சொல்லுமுன் தானே சொல்லிவிட்டால் மரியாதை கொஞ்சமாவது மிஞ்சும் என்பது அவர் எண்ணம். ஆனால் ஒரு மடைத்தனத்தைப் பற்றி மட்டும் இரண்டு வருடமாக அவர் மூச்சே விடவில்லை.

அவருடைய வலக்காதில் சின்ன வயதிலிருந்தே சீழ். செவிப்பறையில் ஓட்டை. எண்பதாம் ஆண்டு பட்டினத்து ஆஸ்பத்திரி டொக்டர், காதுக்கு மேலிருந்து மெல்லிய சவ்வு ஒன்றை எடுத்து அந்த ஓட்டையை அடைத்தார். "தண்ணி, எண்ணெய் ஒண்டும் படக்கூடாது" என்று மூன்று தரம் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார். இவரோ நாட்டு வைத்தியம் தெரிந்த பெரிய பரியாரி அல்லவா? இரண்டாம் சனிக்கிழமை, மனைவி விமலேஸ்வரி வற்றாப்பளைக் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, புதுத் தோலுக்கும் ஊட்டம் வேண்டாமா என்று டொக்டர் காதில் வைத்திருந்த பஞ்சை எடுத்துவிட்டு, இளஞ்சூட்டில் நல்லெண்ணெய் விட்டார். ஒரு கிழமைக்குள் சவ்வு அழுகி, ஓட்டை முந்தியதிலும் பெரிதாகிவிட்டது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. என்ன செய்வார் மனுசன்? "டொக்டரின்ரை ஒட்டுச் சரியில்லை" என்று சந்தித் தேத்தண்ணிக் கடையில் கதையைக் கட்டிவிட்டார்.

எண்பத்திரண்டில் காதைத் தூக்கிக்கொண்டு அதே டொக்டரிடமே போனார். "ஏன் பிடிக்காமல் போனதெண்டு விளங்கேல்லை" என்று டொக்டர் யோசித்தார். பரமலிங்கத்தாரும் பக்கத்தில் இருந்து யோசித்தார். ஒன்றும் தெரியாததுபோலத் தான் வைத்திருந்த அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் தன்னைத்தானே அறையவேண்டும்போல இருக்கும் அவருக்கு.

"இந்தமுறை காதுத் துவாரத்துக்கு முன்னாலை நிக்கிற குருத்தெலும்பிலை ஒரு துண்டு எடுத்து வைப்பம்" என்றார் டொக்டர். "அது விறைப்பு. லேசிலை சுருங்காது."

குருத்தெலும்பு பிடித்தது. மூன்றாம் மாதம் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் வலக்காதில் கேட்க, வரம்பில் குந்தியிருந்து அழுதார்.

மலைநாட்டிலிருந்து வந்து பக்கத்து வயலில் கூலி செய்யும் வீரையாவுக்கு இரண்டு காதிலும் அதே சீழ் வருத்தம். காது கேட்பது நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வந்தது. அவரைத் தேத்தண்ணிக் கடையில் கண்டு, "நீரும் போய்க் காட்டுமன்" என்று சைகையும் சத்தமுமாகச் சொன்னார் பரமலிங்கத்தார்.

"அந்த டாக்டர் என்னையும் அப்பவே ஆபரேசனுக்கு வரச் சொன்னாருங்க" என்றார் வீரையா. "ஒட்டு சரியில்லேன்னு நீங்க சொன்னீங்களேன்னுதான் போகல. இப்பவும் பாருங்க, ஒங்களுக்கே ரெண்டு வாட்டி வெட்டியிருக்காங்க. கூலிக்காரன் ரெண்டு வாட்டி படுக்க முடியுங்களா?"

பரமலிங்கத்தார் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். இப்போது சொல்லாவிட்டால் இந்த மனிதன் செவிடாகவே போய்விடுவான். குனிந்து வீரையாவின் காதோடு சொன்னார்: "பிழை டொக்டரிலை இல்லை. நான்தான் எண்ணெய் விட்டனான்."

"என்னாங்க?"

இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். வீரையா காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "கேக்கலீங்க" என்றார்.

வேறு வழியில்லை. எழுந்து நின்று கத்தினார். "டொக்டரிலை பிழையில்லை. நான்தான் காதுக்கை நல்லெண்ணெய் விட்டனான். விட்டிட்டு ஊருக்குப் பொய் சொன்னனான்."

கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. தேத்தண்ணி ஆற்றிய கை அப்படியே நின்றது. சிரிக்க வாயெடுத்தவர்கள் வீரையாவின் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டார்கள். அவர் கோபிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்:

"ரெண்டு வருசத்துக்கு முந்தியே சொல்லியிருந்தா இம்புட்டுக் கத்தியிருக்க வேணாங்களே ஐயா. அப்ப எனக்கு மெதுவாச் சொன்னாலே கேக்கும்."