தங்கைக்கு வந்த அழைப்பு

பதினாறு வயதில் எல்லை தாண்டி இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப் ஒன்றில் கையெழுத்துப் போட்டபோது, வேல்ஸில் உள்ள பெத்தெஸ்டா ஊரே கெத்தினைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. மீன் வறுவல் கடைக்கார மென்னா அவன் சட்டையைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள். கல்குவாரியில் வேலை பார்த்த அப்பா, மகன் வேல்ஸ் அணிக்கு ஆடப்போவதாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதன் பிறகு நடந்தது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பெரிய அணியோடு பயிற்சி செய்தான், ஆட்டத்தில் இறக்கவில்லை. அனுபவம் வரட்டும் என்று சின்னக் கிளப்புகளுக்கு இரவல் கொடுத்தார்கள். அங்கேயும் மழையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒருமுறை தொடர்ந்து ஆட இடம் கிடைத்தது; முழங்கால் பிசகியது. தேறி வந்தபோது அவனுடைய இடது ஓரத்தில் வேறொருவன் ஓடிக்கொண்டிருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். அம்மா ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் பரிமாறிக்கொண்டே, தங்கை நெஸ்டாவை வேல்ஸ் பெண்கள் அணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாள். நெஸ்டா காலையில் பேக்கரியில் மாவு பிசைகிறவள். சாயங்காலம் பக்கத்து ஊர் பாங்கருக்குக் கால்பந்துப் பயிற்சிக்குப் போவாள். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கெத்தின் வாழ்த்துச் சொன்னான். கறித் தட்டைத் தள்ளி வைத்தான்.

மறுநாள் மென்னாவின் கடைக்குப் போனான்.

"தங்கச்சி சட்டை ஒண்ணு வாங்கிக் குடுப்பா," என்றாள் மென்னா. "உன்னோடத அந்த ஓரமா தள்ளி மாட்டிக்கலாம்."

அவள் மனதில் கள்ளம் எதுவும் இல்லை. அதுதான் அவனை இன்னும் எரித்தது. மீன் பொட்டலத்தை வாங்கி, காரில் உட்கார்ந்து, ஒரு துண்டுகூடத் தின்னாமல் ஆறவிட்டான்.

நெஸ்டாவின் முதல் ஆட்டம் ரெக்ஸம் நகரில் நடந்தது. அப்பா அம்மாவை அவன்தான் கூட்டிப்போனான். பக்கத்து இருக்கைப் பெண்மணி, நெஸ்டாவின் அண்ணனா என்று விசாரித்துவிட்டு, நீங்களும் விளையாடுவீர்களா என்று கேட்டாள். எப்போதாவது, என்றான்.

கடைசிப் பகுதியில் நெஸ்டாவை இறக்கினார்கள். தோளைச் சாய்த்து எதிராளியை ஏமாற்றிவிட்டுப் பந்தோடு உள்பக்கம் வெட்டினாள். அவன் பழகிப் பழகிப் படிய வைத்த வித்தை அது. அவளுக்கு அவனைவிட நன்றாக வந்தது. எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். வலைக்குள் போகக்கூடாது, போகக்கூடாது என்று கெத்தினின் உள்ளே ஒருவன் பல்லைக் கடித்தான். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. அரங்கமே தலையில் கை வைத்தபோது அவனுக்குள் சில்லென்று ஒரு சுகம் பரவியது. உடனே தன் முகத்தை யாராவது பார்த்துவிட்டார்களோ என்று பயந்தான்.

திரும்பும்போது நெஸ்டா முன் இருக்கையில் வந்தாள். பெற்றவர்கள் பின்னால் தூங்கிப்போயிருந்தார்கள்.

"கம்பத்துல பட்டப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

ஏதாவது பூசி மெழுகலாம் என்றுதான் வாயைத் திறந்தான். வரவில்லை. "நல்லா இருந்துச்சு," என்றான்.

அவள் பின்னால் திரும்பி, பெற்றவர்கள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "நீ கையெழுத்துப் போட்ட அன்னிக்கு நான் பாத்ரூம்ல உக்காந்து, இவன் கால் உடையணும்னு வேண்டிக்கிட்டேன்டா. அப்புறம் நெஜமாவே உன் முட்டி போச்சு. ரொம்ப நாள் எனக்குத் தூக்கமே இல்ல," என்றாள்.

"அதான் அப்ப தினமும் போன் பண்ணியா?"

"பின்ன, பாசத்துலயா?"

சிரிப்பை அடக்க முடியாமல் காரின் வேகத்தைக் குறைத்தான்.

அந்தக் கோடையில் கிளப் அவனைக் கழற்றிவிட்டது. இப்போது வேல்ஸ் லீக்கில் ஒரு சின்ன அணிக்கு இடது ஓரத்தில் ஆடுகிறான். பகலில் உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை. நெஸ்டா நாட்டுக்காக ஆடும்போதெல்லாம் போய்ப் பார்க்கிறான். நாட்டுப் பண்ணுக்கு அவள் வரிசையில் நிற்கும்போது இன்னமும் வயிறு எரிகிறது. பந்து அவளிடம் வந்ததும் தொண்டை கிழியக் கத்துகிறான். வயசு இருக்கு, உன்னையும் கூப்பிடுவாங்க என்று அப்பா ஆரம்பித்தால் மட்டும், கேட்டுக்கொண்டிருக்க முடியாமல் எழுந்து போய்விடுகிறான்.