துண்டு காயப்போட்ட வாக்கர்

இங்கே ஒருவர் கீழே விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கிவிடக் கூடாது. முதலில் கேட்க வேண்டும். போன வாரம் ரொட்டிக்கடை வாசலில் ஒரு பெரியவர் தடுமாறி முழங்கால் மடங்கி விழுந்தார். நான் பாய்ந்து அவருடைய முழங்கையைப் பிடித்தேன். அவர் என் கையை விலக்கிவிட்டு, படிக்கட்டுக் கம்பியைப் பற்றி மெதுவாகத் தானே எழுந்தார். நன்றி சொன்னார், முகத்தில் நன்றி இல்லை. "கேக்காமத் தொடாதம்மா, அவங்களுக்குப் பிடிக்காது" என்றாள் உடன் வந்த என் மகள். அவள் இங்கேயே பிறந்தவள். நாளை நான் விழுந்தாலும் கேட்டுவிட்டுத்தான் தொடுவாளோ என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன். ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருடமாகியும் என் கைக்கு இந்த ஊர் பழகவில்லை.

கொரோனா தொடங்கிய குளிர்காலத்தில் கீழ்வீட்டுப் பாட்டி ஃப்ராவ் க்ரூகர் பனியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். எண்பது தாண்டியவர், தனியாக வாழ்பவர். மறுநாளே அறுவை சிகிச்சை, அதற்கு மறுநாளே எழுப்பி நிற்கவைத்துவிட்டார்களாம். ரொலாட்டோர் என்கிற சக்கரம் வைத்த நடைவண்டியோடு வீடு திரும்பியவருக்கு ரசம் கொண்டுபோனேன். வாசற்படி ஏறத் திணறினார். தோளைப் பிடிக்கப் போனேன். "நைன்! ஸெல்பர்!" என்றார். வேண்டாம், நானே செய்வேன் என்று அர்த்தம். என்னிடமிருந்து தொற்றிவிடுமென்று பயப்படுகிறார் என்று எண்ணி, ரசத்தைப் படியில் வைத்துவிட்டு மேலே வந்து அழுதேன்.

அடுத்த சில மாதங்களில் ஊரில், வில்லாபுரத்தில், என் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். அதே எலும்பு. அப்பா டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போனபின் தம்பி முருகனோடு இருக்கிறார். விமானம் இல்லை, நான் போனுக்குள்ளேயே கிடந்தேன். கொரோனா ரிசல்ட் வந்தால்தான் ஆப்பரேஷன் என்று, காலில் எடை கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். ரிசல்ட் வருவதாக இல்லை. வேறு நாளாயிருந்தால் சமயநல்லூர்ச் சொந்தமெல்லாம் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகக் கட்டிலைச் சுற்றி நின்றிருக்கும். அப்போது முகக்கவசத்தோடு தம்பி ஒருவன் மட்டும்தான். ஒருவழியாக ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிழைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

பிறகு இருமல் வந்தது. மறுபடி கொரோனா பரிசோதனை, இல்லையென்று வந்தது. "படுத்தே கெடந்தா நெஞ்சுல சளி கட்டத்தான் செய்யும். நடக்க வைக்கிறீங்களா இல்லையா?" என்று டாக்டர் சத்தம் போட்டாராம். இப்படியே விட்டால் அப்பா இடுப்பால் அல்ல, நெஞ்சுச் சளியால் போய்விடுவார் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. அன்று மதியம் வீடியோவில் பார்த்தேன்: கட்டிலுக்குப் பின்னால் மூலையில் வாக்கர், அதன்மேல் ஈரத்துண்டும் கைலியும்.

"முருகா, அது என்னடா?"

"வாக்கருதான்க்கா. துண்டு காயப்போட்டிருக்கேன்."

"துண்டு காயப்போடவாடா வாங்குனோம்?"

"ஆயுசு பூராம் பஸ்ல நின்னே பொழச்ச மனுசன்க்கா. இப்பவாச்சும் படுக்கட்டுமே. ஊட்டிவிட, பெட்பேன் வைக்க நான் இருக்கேன்ல."

அவன்மீது தப்பில்லை. எங்கள் வீட்டில் பாசம் என்றால் நோயாளியின் கால் தரையில் படாமல் பார்த்துக்கொள்வது. அம்மாவையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டோம். ஃப்ராவ் க்ரூகர் என் கையை ஏன் வேண்டாமென்றார் என்பது அப்போதுதான் புரிந்தது.

"அப்பா, எந்திரிங்க."

"அம்புட்டு வலிக்குதும்மா. ஒனக்கென்ன, அங்கன ஒக்காந்துக்கிட்டு ஆர்டர் போடுற. அந்த ஊருக்குப் போயி கல்லாப் போயிட்ட."

"ஸ்டாப்பிங் வந்திருச்சுப்பா, எறங்குங்க."

"இன்னும் வரல. ஹோல்டான்" என்றார் பழைய கண்டக்டர் குரலில், கண்ணை மூடியபடி. ஆனால் உதடு லேசாகச் சிரித்தது.

தினமும் அதே சண்டை. ஒருநாள் தம்பி அவரைக் கக்கத்தில் கைகொடுத்து ஏறக்குறைய தூக்கியே நிறுத்தினான். "விடுடா. பின்னாடி நில்லு, பிடிக்காத" என்று இங்கிருந்து கத்தினேன். அவன் விட்டான். அப்பா ஆடினார். வாக்கர் கிறீச்சிட்டது. "ரைட்... ரைட்..." என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு ஓரடி வைத்தார். இருமல் மெல்லக் குறைந்தது. முழுசாகத் தேறினார் என்று சொல்லமாட்டேன். வாக்கரோடு கேட்வரை நடப்பார். அதன்பின் ஒரு பஸ்ஸிலும் ஏறியதில்லை. இன்றும் ஊரிலிருந்து போன் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

மறுபடி விமானம் விட்டதும் ஊருக்குப் போனேன். திரும்பும் நாளில் வழியனுப்ப அப்பா கேட்வரை நடந்துவந்தார். நான் அவருக்குப் பின்னால், தொடாமல், கையை மட்டும் தயாராக வைத்துக்கொண்டு நடந்தேன். அவர் நின்றார்.

"ஏம்மா, போலீஸ்காரியாட்டம் பின்னாடியே வார? போறப்பக் கூட அப்பன் கையப் பிடிக்க மாட்டியா?"

சட்டென்று அவர் முழங்கையைப் பற்றினேன். எலும்பும் தோலுமாக இருந்தது. அதற்குள் வாசலிலிருந்து தம்பி கத்தினான்: "யக்கா, விடு. அவரே நடப்பாரு. நீதானே சொன்ன?"

விட்டேன். அப்பா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். தெருவில் டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். அப்பாவின் முழங்கைக்கு ஒரு விரற்கடை தள்ளி, பிடிக்கவும் முடியாமல் மடக்கவும் முடியாமல், என் கை அப்படியே நின்றது.